யாருக்குச் சொன்ன சரி

ஊரில் ஸ்டியரிங் பிடிக்கும் கைகளில் பாதி, மாஸ்டர் பிடித்துப் பழக்கிய கைகள். மீதிப் பாதிக்கு ஓட்டவே தெரியாது என்பது மாஸ்டரின் கருத்து. அவருடைய டிரைவிங் ஸ்கூல் வாசலில் ஒரு பெரிய பலகை உண்டு. அதில் ஸ்கூலின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, தெருமுனையிலிருந்தே படிக்கிற மாதிரி, ‘இதுவரை ஒரு அபராதம்கூடக் கட்டாத பயிற்சியாளர்’ என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். மழையிலும் வெயிலிலும் மற்ற எழுத்துகள் வெளுத்துப் போனாலும் அந்த வரிக்கு மட்டும் மாஸ்டரே ஏணி வைத்து ஏறிப் பெயிண்ட் அடித்துவிடுவார். ஸ்கூலின் பெயர் என்ன என்று கேட்டால் படித்து முடித்தவர்களே கொஞ்சம் முழிப்பார்கள்.

மாஸ்டருக்கு வாயில் ஒரு சொல் குடியிருந்தது. கிளட்சை விடச் சொல்வதானாலும் சரி, பிரேக்கை மிதிக்கச் சொல்வதானாலும் சரி, அவருக்கு அந்த ஒரே சொல்தான்: சரி. சாதாரணமாகச் சொன்னால் போகலாம். இழுத்துச் சொன்னால் மெதுவாகப் போ. இரண்டு தரம் சேர்த்துச் சொன்னால் போதும், நிறுத்து. தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னால் காரியம் கெட்டது என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பிடித்துக்கொள்வதற்குள் பம்பர் இரண்டு நசுங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரைச் சரி மாஸ்டர் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பெயர் ஊர் பூராவும் தெரியும், அவர் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் சரியை வாரி இறைத்த மனிதர், வீட்டுக்குள் வந்ததும் கையை மூடிக்கொள்வார். மனைவி எது கேட்டாலும் ஒரே பதில்தான்: ‘பாக்கலாம்.’ ஜன்னல் திரையை மாற்றலாமா? பாக்கலாம். தங்கச்சி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரட்டுமா? பாக்கலாம். மாஸ்டர் பாஷையில் பாக்கலாம் என்றால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன் என்று பொருள். கல்யாணமான புதிதில் இது தெரியாமல் அந்தப் பெண் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

அவளை ஊரில் ஊசியக்கா என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, கெட்டுப்போவதற்குள் லேபில் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். குத்தியதே தெரியாது என்று பெயர் வாங்கிய கை. ஆனால் அந்தக் கையை வீடு வீடாகக் கொண்டு போய் இறக்குகிற பொறுப்பு மாஸ்டருடையது. அவர் ஒரு வகுப்பை முடித்து, அந்த மாணவனுக்கு அறிவுரை சொல்லி, அதற்குப் பிறகுதான் வருவார். யார் வீட்டு கேட் வாசலிலாவது ஐஸ் பெட்டியை இடுக்கிக்கொண்டு ஊசியக்கா நிற்பாள். அடுத்த வீட்டுச் சர்க்கரை நோயாளி பசி தாங்காமல் போனில் கத்துவார். இன்னொரு முறை ரத்தம் கெட்டு வந்தால் வண்டி ஓட்டத் தெரிந்த வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று லேப் முதலாளி நேருக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

“எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க” என்றாள் ஊசியக்கா.

“பாக்கலாம்” என்றார் மாஸ்டர்.

இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. தானே போய்ப் பழகுநர் உரிமம் வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் காலை வகுப்பு வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் மாஸ்டரும் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

அவள் நன்றாகவே ஓட்டினாள். தோலுக்கு அடியில் நரம்பு தேடுகிற கைக்கு கியர் எம்மாத்திரம்! இதுதான் மாஸ்டருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காத பயணம் அவருக்கு ஒரு பயணமாகவே தெரியாது.

சம்பவம் நடந்தது பெரிய சிக்னலில். சிவப்பு. ஊசியக்கா கோட்டுக்குப் பின்னால் அழகாக வண்டியை நிறுத்தினாள். எதிர் வெயில் விளக்குகளின் மேலேயே விழுந்து கண்ணைக் கூச வைத்தது. அந்த நேரம் பார்த்து மாஸ்டருக்கு போன் வந்தது. யாரோ மகளைச் சேர்ப்பதற்காகக் கூப்பிட்ட அப்பா.

“நம்ம ஸ்கூல்ல மொதல் பாடமே வண்டியில உக்காந்தா போனைத் தொடக்கூடாதுங்கறதுதாங்க” என்று மாஸ்டர் போனில் விளக்கிக்கொண்டிருந்தார். “டிசிப்ளின் இல்லாதவங்க ரோட்டுல இறங்கவே கூடாது.”

ஊசியக்கா கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தாள். எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

“போகட்டுமா?” என்று கேட்டாள்.

போனில் அந்த அப்பா, “அப்ப நாளைக்கே பொண்ணை அனுப்பி வைக்கட்டுமா?” என்று கேட்டார்.

“சரி” என்றார் மாஸ்டர்.

வண்டி போயிற்று. சிவப்பு அப்படியே இருந்தது. மரத்துக்குப் பின்னால் நிழலுக்கு ஒதுங்கியிருந்த போக்குவரத்துக் காவலர், இத்தனை நாள் இதற்காகவே தவம் இருந்தவர் மாதிரி நடு ரோட்டில் வந்து கையைக் காட்டினார். மாஸ்டர் போனை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினார்.

“புதுசு சார். லேடீஸ் வேற. சொல்றதைக் கேக்காம காலை வச்சிட்டாங்க.”

“ஸ்கூல் வண்டியில என்ன நடந்தாலும் மாஸ்டர் பேர்லதான் சார் எழுதணும். அதான் சட்டம்” என்று சொல்லிக்கொண்டே காவலர் எழுதி, கிழித்து, கையில் கொடுத்துவிட்டார். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டத்தைத் தனக்கே ஒருவர் சொல்லிக் காட்டியது அவருக்கு அபராதத்தைவிட அதிகமாக உறைத்தது.

வீட்டில் அன்று ஆரம்பித்த சண்டை நாள் கணக்கில் நடந்தது.

“நீங்கதான் சரின்னு சொன்னீங்க.”

“நான் உங்கிட்ட வாயே திறக்கல.”

“என் காதால கேட்டேன்.”

“சரியா இருந்தாத்தான் நான் சரின்னு சொல்வேன். சிவப்புல எப்படிச் சொல்வேன்? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசு.”

ஊசியக்கா போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் பாத்திரம் பளபளத்தது.

பணத்தைக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் கட்டினால் பலகையில் அந்த வரி இருக்க முடியாது. வரி போனால் மாஸ்டரும் ஊரில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல்காரர், அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போவது என்று முடிவெடுத்தார். பிறந்ததிலிருந்து கோர்ட் வாசலை மிதிக்காத மனிதர். வக்கீல் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களிடம், சட்டம் தெரியாதவனுக்குத்தான் வக்கீல் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அதோடு ஊசியக்காவின் வகுப்பையும் நிறுத்திவிட்டார். “தீர்ப்பு வரட்டும். தப்பு உன்மேலன்னு கோர்ட்டே சொல்லிட்டா அப்புறம் நீ ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது.”

“சொல்லலேன்னா? நீங்க தோத்துட்டா?”

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தோத்தா கோர்ட்லேந்தே நீ வண்டியை ஓட்டிட்டுப் போ. நான் பக்கத்துல உக்காந்து வரேன்.”

ஊசியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். “சொன்ன சொல் மாறக் கூடாது” என்றாள். லேப் முதலாளி அவள் இடத்துக்கு ஆள் தேட ஆரம்பித்திருந்தார். அவளுக்கு இது விளையாட்டில்லை.

மாஸ்டர் இரவு பகலாகத் தயாரானார். குளித்துக்கொண்டே வாதாடினார். வகுப்பில் பாடம் நடத்துகிற இரும்புப் பலகையை எடுத்துத் தூசி தட்டினார். அதில் ரோடு, சிக்னல், நடைபாதை எல்லாம் வரைந்திருக்கும். காந்தம் ஒட்டிய குட்டிக் கார்களை அதன் மேல் நகர்த்தி நகர்த்தி விளக்கலாம். தேவையான நேரம் பார்த்து வெள்ளைக் காரைக் காணோம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தக்காளி பொம்மைக் காந்தத்தைப் பிடுங்கி அதை வகுப்பு வண்டியாக வைத்துக்கொண்டார். சாட்சிக்கு மனைவியையே கூட்டிப் போவது என்றும் தீர்மானித்தார். நீதிபதி முன்னால் பயத்தில் அவளே ஒத்துக்கொள்வாள் என்பது கணக்கு.

கோர்ட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகிப்போன ஒரு நீள பெஞ்சு. ஆளைவிடச் சத்தம் அதிகம் போடுகிற மின்விசிறி. வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிறவருக்கு ஒரு தனித் திறமை இருந்தது. யார் பெயரைக் கூப்பிட்டாலும் அது யாருடைய பெயராகவும் கேட்காது. கூப்பிடும்போதெல்லாம் பெஞ்சில் பாதிப் பேர் எழுந்து பாதிப் பேர் உட்கார்ந்தார்கள்.

மாஸ்டருக்குப் பக்கத்தில், ஹெல்மெட் போடாததற்காக வந்த ஒருவர் கையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“அது என்னங்க போர்டு?” என்று கேட்டார்.

“வாதம்” என்றார் மாஸ்டர்.

“பேசாம ஒத்துக்கிட்டுப் போயிடுங்க. சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போயிடலாம்.”

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பயிற்சி பெறாமலே லைசென்ஸ் வாங்கிய ஆள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது அவருக்கு.

உள்ளே நுழைந்ததும் மாஸ்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. நீதிபதிக்குக் கீழே கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தா, அவருடைய பழைய மாணவர். நம்ம ஆள் இருக்கும்போது நமக்கென்ன குறை என்று அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். குமாஸ்தா குனிந்துகொண்டார். நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள். காலையிலிருந்து பொய் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போன முகம்.

மாஸ்டர் பலகையை மேஜை விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கார்களை ஒட்டத் தொடங்கினார். தக்காளி மட்டும் ஒட்டாமல் விழுந்து உருண்டது. அவர் குனிந்து அதைத் தேடினார்.

குமாஸ்தா ஒரே மூச்சில், எங்கும் நிறுத்தாமல் வாசித்தார்: “இன்ன தேதியில் பெரிய சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போது பயிற்சி வாகனம் கோட்டைத் தாண்டிச் சென்றதாகவும் அதற்குப் பயிற்சியாளர் என்ற முறையில் பொறுப்பாளி எனவும் சாட்டப்பட்ட குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?”

“சரி சரி” என்றார் மாஸ்டர், மேஜைக்கு அடியிலிருந்து.

குமாஸ்தா தட்டினார். நீதிபதி அபராதத்தைச் சொல்லி அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தார். வாசலில் யாருடைய பெயராகவும் இல்லாத ஒரு பெயர் கூப்பிடப்பட்டது.

தக்காளியும் கையுமாக நிமிர்ந்த மாஸ்டருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. “அம்மா! நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!”

“நீங்கதான் ஒத்துக்கிட்டீங்களே” என்றார் நீதிபதி.

“எப்போ?”

“இப்போதான். சரின்னு சொன்னீங்க. ஒண்ணுக்கு ரெண்டு தடவை.”

“அது அந்த சரி இல்லம்மா!”

பின்னால் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அன்று காலையிலிருந்து அவர் கேட்டதில் இது ஒன்றுதான் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

“அப்ப எந்த சரி? எத்தனை சரி வச்சிருக்கீங்க நீங்க?”

பாடம் நடத்து என்று யாராவது சொன்னால் மாஸ்டரால் சும்மா இருக்க முடியாது. இடம், பொருள் எல்லாம் மறந்துபோயிற்று. “பாருங்கம்மா, சும்மா ‘சரி’ன்னா போகலாம்னு அர்த்தம். ‘சரீ’ன்னு இழுத்தா நிதானமாப் போகணும். ‘சரி சரி’ன்னா போதும், நிறுத்துன்னு அர்த்தம். இப்ப நான் சொன்னது, கொஞ்சம் பேச்சை நிறுத்துங்க, தக்காளியைத் தேடிக்கிட்டிருக்கேங்கற சரி.”

“கோர்ட்டையே பேச்சை நிறுத்தச் சொன்னீங்களா?”

“ஐயையோ, அப்படி இல்லம்மா.”

“கத்துக்க வர்றவங்க இதையெல்லாம் எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க?”

“பழகப் பழகத் தானா வந்துடும்மா.”

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். “எனக்கு வரலம்மா. என்னையும் இவர்தான் பழக்கினார். ரெண்டு தடவை சரி சொன்னாரு, ரெண்டு மடங்கு வேகமாப் போகச் சொல்றாருன்னு நெனச்சு மாட்டுக் கொட்டகைச் சுவத்துல கொண்டு போய் மோதினேன். அங்க எல்லாருமே இவரைச் சரி மாஸ்டர்னுதாம்மா சொல்லுவோம்.”

அறை முழுக்கச் சிரித்தது. மரத்தடிக் காவலரும் ஓரமாக நின்று சிரித்தார். மாஸ்டருக்கு அப்போதுதான் தன் பெயர் தெரிந்தது. சட்டமெல்லாம் தெரிந்த மனிதருக்கு இத்தனை வருஷமாக இது தெரியாமல் போயிற்று.

நீதிபதி சிரிக்கவில்லை. ஊசியக்காவைப் பார்த்துக் கேட்டார். “அன்னைக்கு ஓட்டினது நீங்கதானேம்மா? இவர் என்ன சொன்னார்?”

மாஸ்டர் மனைவியைப் பார்த்து, ஒத்துக்கொள் என்கிற மாதிரி கண்ணைக் காட்டினார். ஊசியக்கா முன்னால் வந்து நின்றாள். பயப்படுகிறவளாகத் தெரியவில்லை. ஊசி போடப் போகிற இடத்தைத் துடைக்கும்போது எப்படி நிதானமாக இருப்பாளோ அப்படித்தான் இருந்தாள்.

“வெயில்ல லைட்டு தெரியலைங்க. போகட்டுமான்னு கேட்டேன். சரின்னாரு, போயிட்டேன். வீட்டுல அதைத்தான் சொல்லிச் சண்டை போட்டேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா அது எனக்குச் சொன்ன சரி இல்லைங்க. போன்ல இருந்தவருக்குச் சொன்னது.”

“பின்ன ஏன் போனீங்க? குரல்லயே தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கணுங்க.” அவள் மாஸ்டரைக் காட்டினாள். “ஊருக்கெல்லாம் சொல்லுவாரு, எனக்கு மட்டும் அந்த வார்த்தையை இவர் சொன்னதே இல்லைங்க. எது கேட்டாலும் பாக்கலாம்தான். அன்னைக்குக் காதுல விழுந்ததும் எனக்குத்தான்னு நெனச்சுட்டேன். அந்தச் சந்தோஷத்துல லைட்டை இன்னொரு தடவை பாக்காம விட்டுட்டேன். அது என் தப்புத்தாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கையில் தக்காளியைப் பிடித்தபடி நின்றார். அவளைத் திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பழக்கத்தில் மனசு தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. திரைச்சீலையும் தங்கச்சி வீடும் ஏனோ அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன.

காவலர் மட்டும் நிமிர்ந்தார். “போனா? வகுப்பு நடத்தறப்ப போன்ல பேசினாரா? அது தனிக் கேஸாச்சே.”

நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு மாஸ்டரிடம் சொன்னார். “இப்ப கொஞ்சம் முன்னாடி நீங்க சொன்ன சரி, ஒத்துக்கிட்ட சரின்னா, அபராதத்தோட இது முடிஞ்சுது. இல்ல, வேற சரின்னா, முழுசா விசாரிக்கணும். போன்ல யாருகூடப் பேசினீங்க, என்ன பேசினீங்கங்கறதையும் சேத்து விசாரிக்கணும். எந்த சரின்னு நீங்களே சொல்லுங்க. உங்க சரி உங்களுக்குத்தானே தெரியும்?”

போனில் என்ன பேசினோம் என்று மாஸ்டருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

“ஒத்துக்கிட்ட சரிதாம்மா” என்றார்.

அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது ஹெல்மெட்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார். எல் போர்டு மாட்டிய வகுப்பு வண்டி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஊசியக்கா சாவிக்காகக் கையை நீட்டினாள். மாஸ்டர் சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, கையிலேயே இருந்த சாவியைக் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். பெல்ட்டைப் போட்டாள். மாஸ்டர் போனை அணைத்துப் பலகையோடு சேர்த்துப் பின் இருக்கையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது போகட்டுமா என்று கேட்பாள். கேட்டதும் சொல்ல வேண்டும், அவளுக்கென்றே தெளிவாக, மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அந்தச் சொல்லை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டார்.

ஊசியக்கா வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், பின்னால் பார்த்தாள். வண்டியை எடுத்தாள். கேட்கவே இல்லை.

பெரிய சிக்னலில் சிவப்பு. கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினாள். கையைப் புருவத்துக்கு மேல் வைத்து விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மரத்தடியில் இன்று வேறு காவலர் நின்றார். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தும் அவள் அசையவில்லை. பச்சை விழுந்தது நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் நகர்ந்தாள். பழக்கத்தில் மாஸ்டரின் கால், பயிற்சியாளருக்கென்று வைத்த பிரேக் மேல் போய் நின்றது. மிதிக்க வேண்டிய வேலை வரவில்லை.

ஸ்கூல் இருக்கும் தெரு வந்தது. முனையிலிருந்தே பலகையின் சிவப்பு எழுத்து கண்ணில் பட்டது. மாஸ்டர் அதையே பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவியிடம் எதற்கும் யோசனை கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

“அந்த வரியை அழிச்சுடணும்ல?” என்றார். “இல்ல, ஒரு மாசம் போகட்டும்னு விட்டுடலாமா? நீ என்ன சொல்றே?”

ஊசியக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாக்கலாம்” என்றாள்.